சபையில உங்க வரம் எதுன்னு கண்டுபிடிச்சு ஊழியத்துல இறங்குறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

கல்யாணமாகி மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்துக்கு வந்தப்ப சபையில எனக்கு ஒருத்தரையும் தெரியாது. டீச்சர் ட்ரெயினிங் முடிச்ச பொண்ணுன்னு யாரோ சொல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமையே சண்டே ஸ்கூல் கிளாஸ் ஒண்ண கையில குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலமே வயித்துல பயம் வந்துரும், பிள்ளைங்களும் நெளியுதுங்க, எனக்கும் முடியல, ஆனா விடவும் மனசு வரல, விட்டா ஊழியத்த விட்டு ஓடிட்டான்னு சொல்வாங்களோன்னு. கர்த்தர் எனக்கு மட்டும் ஒரு வரமும் குடுக்கலன்னு நெனச்சு அழுத நாள் உண்டு.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க தெருவுல பாதி வீட்டுக்குக் கூரை இல்ல, தென்னை எல்லாம் சாஞ்சு கெடக்கு, கரண்ட் இல்ல. வெளியூர் சபைங்கள்ல இருந்து தார்ப்பாயும் அரிசியும் வேன்ல வந்து எறங்குது, முன்னாடி நிக்கிறவங்க வாங்கிட்டுப் போறாங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்து கட்டம் போட்டேன். பேரு, வீட்ல எத்தன பேரு, கூரை இருக்கா, தார்ப்பாய், அரிசி, மெழுகுவத்தி. பேனாவுல எழுதுனது மழையில நனைஞ்சு ஊதாவா ஓடிருச்சு, மறுநாள் பென்சில்ல முதல்ல இருந்து எழுதுனேன். மூணாவது நாள் நோட்டப் பாக்குறேன், வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்க ரெண்டு விதவைத் தாய்மாருங்க பேருக்கு நேரா எல்லா கட்டமும் காலி. ரெண்டு தடவ வேன் வந்துருக்கு, ரெண்டு தடவையும் அவங்களுக்கு யாரும் சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் எங்க சபைப் போதகர், ஐயர்னு தான் கூப்பிடுவோம், அந்த நோட்ட வாங்கிப் பாத்துட்டு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்த எடுத்து வாசிச்சாரு. பந்தி விசாரணைக்கு ஏழு பேர தெரிஞ்செடுத்த பகுதி, அங்கயும் விட்டுப்போனது விதவைங்க தான். வாசிச்சு முடிச்சுட்டு "இனிமே இத நீயே பாத்துக்கம்மா"ன்னாரு.

எனக்குப் போன அந்த ரெண்டு வருஷம் இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுன்னு தான் இத எழுதுறேன். சி.எஸ்.ஐ, டி.இ.எல்.சி (லுத்தரன் சபை), பெந்தெகொஸ்தே, தனிச் சபை எதுவா இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும். ஐயர்னு நான் சொல்ற எடத்துல நீங்க பாஸ்டர்னு வச்சுக்கங்க.

1. முதல்ல பேர பதிவு பண்ணுங்க

வரத்தப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி இது. சும்மா ஞாயிறு ஞாயிறு வந்து போறவங்களுக்கு பொறுப்பு குடுக்க எந்த கமிட்டியும் யோசிக்கத்தான் செய்யும், அதுல தப்பும் இல்ல. வேணுங்கறது: ஞானஸ்நான சான்று, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) ஆகியிருந்தா அந்த சான்று, பழைய சபையில இருந்து மாற்றல் கடிதம், கல்யாணமாகி வந்தவங்கன்னா திருமணச் சான்று நகல், ஆதார் நகல், ரெண்டு போட்டோ. தனிச் சபைகள்ல சில எடத்துல பாஸ்டர்கிட்ட பேசுனாலே போதும், ஆனாலும் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கங்க, பின்னாடி கேப்பாங்க.

மாற்றல் கடிதம் தான் இழுக்கும். ஃபோன்ல கேட்டு உக்காந்திருக்காதீங்க, ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நேர்லயே போயிருங்க, முடிஞ்சதும் செயலாளரையும் ஐயரையும் ஒண்ணா பிடிச்சிரலாம். எனக்கு ஃபோன்ல நாலு மாசம் போச்சு, நேர்ல போனப்ப ஒரே நாள். ஞானஸ்நானம் எடுத்த வருஷமும் தேதியும் அம்மா அப்பாகிட்ட கேட்டுட்டுப் போங்க, தரங்கம்பாடி தஞ்சாவூர் மாதிரி பழைய சபைங்கள்ல ரிஜிஸ்டர் நெறய இருக்கும், வருஷம் தெரியாம தேடச் சொன்னா அன்னிக்கு முடியாது. ரிஜிஸ்டர்ல இருக்க பேரும் ஆதார்ல இருக்க பேரும் வேற வேறயா இருந்தா அதையும் கடிதத்துலயே ஒரு வரி எழுதி வாங்கிருங்க.

2. நாலு பகுதிய ஒரு வாரம் வாசிங்க

ரோமர் 12:6-8, 1 கொரிந்தியர் 12 முழுசும், எபேசியர் 4:11-12, 1 பேதுரு 4:10-11. தினம் ஒரு தடவ, ஒரு வாரம். புக்கு எதுவும் வாங்க வேணாம்.

வாசிக்கும்போது கவனிச்சீங்கன்னா ரோமர்ல ஏழு இருக்கு, 1 கொரிந்தியர் 12:8-10ல ஒன்பது இருக்கு, எபேசியர்ல இருக்க பட்டியல் வேற மாதிரி, பேதுரு ரெண்டே பிரிவா சொல்லிட்டாரு, பேசுறவங்க, செய்யுறவங்கன்னு. ஒரு பட்டியல் மாதிரி இன்னொண்ணு இல்ல. அதனால இந்தப் பட்டியல்ல என் வேல இல்லயேன்னு யாரும் கலங்க வேணாம். யாத்திராகமம் 31ல பெசலெயேல கர்த்தர் ஆவியினால நெரப்புனது பொன்னுலயும் மரத்துலயும் வேல செய்யறதுக்குத் தான். எங்க சபையில தச்சு வேல பாக்குற அண்ணன் ஒருத்தருக்கு இத வாசிச்சுக் காட்டுனப்ப திரும்ப ஒரு தடவ வாசிக்கச் சொன்னாரு.

நம்ம பழைய மொழிபெயர்ப்புல ரெண்டு வார்த்தைய தவறா எடுத்துக்கிட்டு நெறயப் பேர் தடுமாறுறாங்க. ரோமர் 12:8ல "முதலாளியானவன்"னு வரும். பணக்காரர், ஓனர்னு அர்த்தம் இல்ல, முன்னால நின்னு நடத்துறவர்னு அர்த்தம். மகளிர் குழுவுல கணக்கு எழுதி பத்துப் பேர கூட்டிட்டு பேங்குக்குப் போற அக்காவுக்கு இந்த வரம் இருக்கலாம். 1 பேதுரு 4:10ல "உக்கிராணக்காரர்". இத நம்ம ஊர் ஆளுங்களுக்கு வெளக்கவே வேணாம், கல்யாண வீட்ல உக்கிராண ரூம் சாவிய இடுப்புல சொருகிட்டு அரிசி எவ்ளோ பருப்பு எவ்ளோன்னு அளந்து குடுப்பாரே ஒரு மாமா, அவரு தான். உள்ள இருக்கறது அவர் சொத்து இல்ல, ஆனா பந்தி நடக்கறப்ப அவரு சாவியோட தூங்கிட்டா அத்தன பேரும் பட்டினி.

அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் வரம் பத்தி சபைக்கு சபை போதனை வேற. நீங்க சேந்திருக்க சபை என்ன சொல்லுதுன்னு உங்க ஐயர்கிட்ட நேராவே கேட்டுக்கங்க, யூடியூப்ல கேக்காதீங்க.

3. கேள்வித்தாள்: எழுதுங்க, ஆனா நம்பி உக்காந்திராதீங்க

வரம் கண்டுபிடிக்கிற கேள்வித்தாள்னு ஒண்ணு நெறய சபைகள்ல குடுக்குறாங்க. நூறு கேள்வி பக்கம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வர மார்க், கடைசில கூட்டிப் பாத்தா எந்த வரம் அதிகம்னு வரும். ஜெராக்ஸ் செலவு இருபது ரூபாய்க்குள்ள, நேரம் முக்கால் மணி. இதுக்குன்னு காசு கட்டி செமினார் போக வேண்டிய அவசியம் இல்ல.

நான் எழுதுனப்ப எனக்கு "போதிக்கும் வரம்"னு முதல் மார்க் வந்துச்சு, அதனால தான் ரெண்டாவது வருஷமும் சண்டே ஸ்கூல்லயே மாட்டுனேன். என்ன தப்பு பண்ணேன்னா, நல்ல கிறிஸ்தவ பொண்ணு எப்படி இருக்கணுமோ அப்படி மார்க் போட்டேன். "பிறருக்கு வேதத்தை விளக்குவதில் மகிழ்ச்சி அடைகிறேன்"னு இருந்தா யாரு பூஜ்யம் போடுவா? நீங்க அப்படிப் போடாதீங்க. ஒவ்வொரு கேள்விக்கும் போன ஒரு வருஷத்துல இத நான் செஞ்சேனா, எங்க, யாருக்குன்னு ஒரு ஆள் பேரு ஞாபகம் வந்தா மட்டும் மார்க். வரலன்னா பூஜ்யம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்கள இதுல விட்டுராதீங்க. பக்கத்துல உக்காந்து ஒரு கேள்வியா வாசிச்சு, "இந்த மாதிரி எப்பயாச்சும் செஞ்சிருக்கீங்களா ஆயா?"ன்னு கேட்டா அவங்க சொல்ற கதை அந்தத் தாள விட நெறயச் சொல்லும். முதல் மூணு மார்க் வந்தத மட்டும் குறிச்சுட்டு தாள ஃபைல்ல வச்சிருங்க.

4. அஞ்சு பேர கேளுங்க

எல்லாத்துலயும் முக்கியமானது இதுதான். ஜெபம் பண்ணா கர்த்தர் காட்டுவாருன்னு தனியா ரூம்ல உக்காந்து நான் நாள் பாத்தேன், அவரு காட்டுனது மத்தவங்க கண்ணு வழியா தான்.

யார கேக்கணும்: வீட்ல ஒருத்தர், பெண்கள் ஐக்கிய சங்கத்துலயோ ஆண்கள் ஐக்கியத்துலயோ வயசுல மூத்தவங்க ஒருத்தர், உங்க கூட சேந்து ஏதாச்சும் வேல செஞ்சவங்க ஒருத்தர், உங்ககிட்ட அவ்வளவா ஒட்டாத ஒருத்தர், சபைக்கு வெளிய பக்கத்து வீட்டுக்காரங்களோ கடைக்காரரோ ஒருத்தர். எனக்கு என்ன வரம் இருக்குன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது, நல்லா பாடுவம்மான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. இப்படிக் கேளுங்க: "நான் செஞ்சதுல எது உங்களுக்கு உதவியா இருந்துச்சு, எது இல்லாட்டியும் பரவால்லன்னு தோணுச்சு?" ரெண்டாவது பாதிய கேக்க தைரியம் வேணும், கேளுங்க. சொல்றத அப்படியே அவங்க வார்த்தையில எழுதிக்கங்க.

எங்க சபையில ஒரு பெரியவர் இருக்காரு. ஜெபக்கூட்டத்துல "நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா"ன்னா தலைய குனிஞ்சுக்குவாரு, சத்தமா ஜெபிக்க வராது அவருக்கு. அதனாலேயே தனக்கு வரமே இல்லன்னு இருபது வருஷமா பின் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நாங்க இந்த அஞ்சு பேர் கேள்விய எல்லாருக்கும் வச்சப்ப, அவரப் பத்தி கேட்ட அஞ்சுல நாலு பேர் ஒரே விஷயத்த சொன்னாங்க. சாவு வீட்டுக்கு முதல் ஆளா வர்றது அவருதான். வந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. வாசல்ல பெஞ்ச எடுத்துப் போடுவாரு, சாமியானாக்காரருக்கு ஃபோன் பண்ணுவாரு, குழி வெட்ட ஆள் சொல்லுவாரு, கல்லறைத் தோட்டத்து கேட்டு சாவி யாருகிட்ட இருக்குன்னு கண்டுபிடிச்சு வாங்கி வச்சிருப்பாரு, ராத்திரி எல்லாரும் போனப்புறம் அந்த வீட்டுத் திண்ணையில படுத்துக்குவாரு. இத அவர்கிட்ட சொன்னப்ப "இது என்னங்க, யாரும் செய்யறது தான"ன்னாரு. யாரும் செய்யறதில்ல. இப்ப அடக்க ஆராதனை ஏற்பாடு முழுக்க அவர் பொறுப்பு, கல்லறைத் தோட்டத்து சாவி அவர் வீட்டு ஆணியில தான் தொங்குது. உங்களுக்கு சுலபமா வர்றதால உங்க வரம் உங்களுக்கே தெரியாமப் போகும், அதுக்குத் தான் அஞ்சு பேர்.

5. ஒரே ஒரு வேல, ஆறு மாசம்

அஞ்சு பேர் சொன்னதையும் கேள்வித்தாள்ல வந்த மூணையும் எடுத்துட்டு ஐயரப் போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட வாசல்ல வச்சுப் பேசாதீங்க, வாரநாள்ல சாயங்காலம் ஃபோன் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க, அரை மணி நேரம் வேணும். பேசி முடிவு பண்ணி ஒரு தாள்ல எழுதுங்க: என்ன வேல, ஆரம்பிக்கிற தேதி, முடியிற தேதி, யாருகிட்ட கேட்டு நடக்கணும், வாரத்துக்கு எத்தன மணி நேரம். முடியிற தேதி எழுதாம மட்டும் ஒத்துக்காதீங்க. என் சண்டே ஸ்கூலுக்கு முடியிற தேதி இல்லாததால தான் விட முடியாம தவிச்சேன்.

வேலைங்க என்னல்லாம் இருக்குன்னா: ஆஸ்பத்திரி சந்திப்பு, வீட்டோட கெடக்குற வயசானவங்கள பாக்குறது, சண்டே ஸ்கூல், பாடகர் குழு, சவுண்ட் செட், கோயில் சுத்தம், அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு, காலேஜ் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் ஃபார்ம் எழுதிக் குடுக்கறது, வீட்டுக் கூட்டம், ஜெபக் குழு. இல்லாத வேலையா இருந்தாலும் கேளுங்க. அப்போஸ்தலர் 9ல தொற்காள் யோப்பாவுல அங்கி தச்சுக் குடுத்தாங்க, யாரும் போஸ்டிங் போட்டு குடுக்கல.

ரெண்டாவது மாசமும் ஆறாவது மாசமும் ஐயர்கிட்ட உக்காந்து பேசுங்க. யாருக்காவது நெசமா உதவியாச்சா, களைச்சுப் போனாலும் மறுவாரம் போகத் தோணுதா, கூட வேல செய்யறவங்க உங்கள கூப்பிடுறாங்களா தவிர்க்குறாங்களா. முதல் மாசம் தடுமாறுறத வச்சு முடிவு பண்ணாதீங்க, புது வேல எல்லாருக்கும் அப்படித்தான்.

6. எந்த ஊழியத்துக்கு என்ன பேப்பர்

பிள்ளைங்க ஊழியம்: பெத்தவங்க கையெழுத்து போட்ட சம்மதத் தாள், அவசர ஃபோன் நம்பர், அலர்ஜி, மாத்திரை விவரம். எப்பவும் ரெண்டு பெரியவங்க, ஒரு பிள்ளையோட தனியா பூட்டுன ரூம்ல யாரும் இருக்கக் கூடாது, ஐயரா இருந்தாலும் சரி. பிள்ளைங்கள பாலியல் குத்தத்துல இருந்து காக்குற போக்சோ சட்டம் 2012ல வந்தது, பிள்ளைக்கு தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சா புகார் குடுக்கறது கட்டாயம், சபை மானம் போயிரும்னு மறைச்சா அதுவே குத்தம். பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098, அந்த நம்பர சண்டே ஸ்கூல் சுவத்துல எழுதி ஒட்டுங்க.

ஆஸ்பத்திரி: தஞ்சாவூர் மெடிக்கல்ல டெல்டா முழுக்க இருந்து ஆளுங்க வந்து கெடப்பாங்க, போகணும்னு நெறயப் பேர் ஆசப்படுவீங்க. சபை லெட்டர்பேட்ல ஐயர் கையெழுத்தோட ஒரு கடிதம், உங்க ஆதார் நகல். பார்வையாளர் நேரத்துல மட்டும் போங்க, வார்டு சிஸ்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க. கேட்டவங்களுக்கு மட்டும், மெதுவா, ரெண்டு நிமிஷம் ஜெபம். பக்கத்து பெட்டுல இருக்கவங்க வேற மதம், அவங்களுக்கும் வலி இருக்கு. சாப்பாடு குடுக்காதீங்க, ஆபரேஷனுக்காக பட்டினியா இருக்கலாம். துணைக்கு இருக்க ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க் காப்பி, மாத்து ஆளா ஒரு மணி நேரம் உக்காந்து அவங்கள குளிச்சிட்டு வரச் சொல்றது, இதுக்கு ஈடு இல்ல.

சிறை ஊழியம்: சிறை நிர்வாகத்தோட எழுத்து அனுமதி இல்லாம முடியாது. தனியா விண்ணப்பிக்காதீங்க, ஏற்கனவே போயிட்டிருக்க குழுவோட ஐயர் மூலமா சேருங்க, மாசக்கணக்குல ஆகும்.

பணம் தொடுற எந்த ஊழியமும்: நம்பர் போட்ட ரசீது புக், ரெண்டு பேர் எண்ணி ரெண்டு பேர் கையெழுத்து. உங்க சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபா கூட வாங்காதீங்க. நீங்க நல்லவங்க தான், ஆனா ஒரு வருஷம் கழிச்சு யாராச்சும் கேட்டா காட்ட தாள் வேணும்.

வீட்டுக் கூட்டத்துல மைக் வைக்காதீங்க. வச்சே ஆகணும்னா அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணில இருந்து காலை 6 வர ஒலிபெருக்கிக்கு தடை.

7. செலவு

எனக்கு ஆறு மாசத்துக்கு ஆனது: நோட்டும் பென்சிலும் ஜெராக்ஸும் சேத்து இருநூறு ரூபாய்க்குள்ள. டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021ல இருந்து டிக்கெட் இல்லாததால சந்திப்புக்குப் போக செலவு இல்ல, ஆண்கள் பஸ் காச கணக்குல எழுதி சபையில கேளுங்க, வெக்கப்படாதீங்க, கூலி வேல பாக்குறவங்க கைக்காச போட்டுப் போட்டே ஊழியத்த விட்டத நான் பாத்திருக்கேன்.

வரத்துக்குன்னு பணம் கேட்டா எழுந்து வந்துருங்க. இத்தன ரூபா கட்டுனா அபிஷேகம், இந்தக் கூட்டத்துக்கு வந்தா இந்த வரம்னு நோட்டீஸ் வரும். அப்போஸ்தலர் 8ல சீமோன் பணத்த நீட்டுனப்ப பேதுரு என்ன சொன்னாருன்னு வாசிச்சுப் பாருங்க.

8. எப்ப ஆரம்பிக்கிறது

நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், வெளியூர்ல இருந்து வந்து வகுப்பு எடுக்குறவங்களுக்கு இது தெரியறதில்ல. சம்பா அறுப்பு தை மாசம் முழுக்க ஓடும், நெல்ல கொள்முதல் நிலையத்துல போட்டு காசு வர்ற வரைக்கும் யாருக்கும் வேற நெனப்பு இருக்காது. அதனால மாசி கடைசி, பங்குனி தான் நல்ல நேரம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்காலம்) கூட்டங்களும் அப்பத்தான் வரும், ஜனங்க சபையில இருப்பாங்க. லெந்துல வாசிப்பும் அஞ்சு பேர் கேள்வியும், ஈஸ்டர் முடிஞ்சு வேல ஆரம்பம், மே மாசம் விபிஎஸ்ல (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) கை குடுத்துப் பாக்கலாம். ஜூன் 12 மேட்டூர் தெறந்துட்டா குறுவை நடவு, நடவுக்குப் போற அக்காமாருங்களுக்கு அந்த வாரங்கள் விடுப்பு குடுத்துருங்க. கூட்டம் எதுவா இருந்தாலும் ராத்திரி ஏழரைக்கு முன்னாடி வைக்காதீங்க, வயல்ல இருந்து வந்து குளிச்சு ஒல வைக்கவே அவ்ளோ நேரம் ஆகும். ஐப்பசி கார்த்திகையில புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம், மழை, புயல் வந்தா அதுவே வேல. டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ், பண்டிகைன்னு ஐயருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

9. மாட்டிக்காம இருக்க வேண்டியது

படிப்பையும் வரத்தையும் ஒண்ணுன்னு நெனச்சிராதீங்க, என் கதைய பாத்தீங்கல்ல. பாஸ்டர் பொண்டாட்டின்னா பாடணும், நர்ஸுன்னா மெடிக்கல் கேம்ப் மட்டும் தான்னு ஊர் முடிவு பண்ணிரும்.

குணமாக்கும் வரம் இருக்குன்னு சொல்லிட்டு மாத்திரைய நிறுத்தச் சொல்றவங்க பக்கம் போகாதீங்க, நீங்களும் யாருக்கும் சொல்லாதீங்க. சுகரு, பிரஷர், ஃபிட்ஸ் மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர் தான் நிறுத்தணும். எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துல இதனால ஒரு உயிர் போச்சு.

"என் வரம் இது இல்ல"ன்னு சொல்லி பாத்திரம் கழுவாம போறதும் தப்பு. அன்பின் விருந்து முடிஞ்சா அண்டா கழுவ வரம் வேணாம், கை இருந்தா போதும். 1 கொரிந்தியர் 12க்கும் 14க்கும் நடுவுல அன்ப பத்திச் சொல்ற 13 இருக்குறத மறக்காதீங்க.

கெளரவமான பொறுப்புக்கு எந்தத் தெரு ஆளு, சுத்தம் பண்ற வேலைக்கு எந்தத் தெரு ஆளுன்னு சபையில பழக்கமா போயிருந்தா, அத ஐயர்கிட்ட தயங்காம சொல்லுங்க. சொல்றதுக்கு கஷ்டமா இருக்கும், நானும் ஒரு தடவ சொல்லி ஆறு மாசம் பேச்சு வாங்குனேன். ஆனா ஆவியானவர் தெரு பாத்து வரம் பங்கு வைக்கல.

10. சரிவரலன்னா எப்படி விடுறது

ஆறு மாசம் முடிஞ்சு இது நமக்கு இல்லன்னு தெரிஞ்சா சொல்லாம நின்னுராதீங்க. முடியிற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி ஐயருக்கு எழுத்துல குடுங்க, அடுத்து வர்றவங்களோட அந்த ஒரு மாசம் கூடவே இருங்க. ஒப்படைக்க வேண்டியது: நோட்டு, சாவி, ரசீது புக், மீதிப் பணம், ஃபோன் நம்பர் பட்டியல். ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்து.

நான் சண்டே ஸ்கூல் கிளாஸ ஒரு காலேஜ் தம்பிகிட்ட ஒப்படைச்சேன். வருகைப் பதிவேடு, அலமாரி சாவி, பாதி தீந்த கிரேயான் டப்பா ரெண்டு. கூடவே ஒரு தாள்ல தனியா எழுதிக் குடுத்தேன், யாரு அப்பா துபாய்ல இருக்காரு, யாரு காலைல சாப்பிடாம வரும், மூணாவது வரிசையில உக்கார்ற பையனுக்கு எடது காது சரியா கேக்காது, அவன வலது காது நம்ம பக்கம் இருக்குற மாதிரி முன்னாடி உக்கார வைக்கணும்.